வாசலில் வந்து அழைத்தவர்கள்

1996ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கியூபாவின் தலைநகரான ஹவானாவில், எக்ரெம் என்னும் அரசு இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய ஒலிப்பதிவுக் கூடத்தில் முதிய இசைக்கலைஞர்கள் சிலர் ஒன்றுகூடினர். பியானோ வாசிக்க வந்த ரூபென் கொன்சாலஸுக்கு வயது 76. அவர் மேடையை விட்டு விலகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன, விரல்களில் மூட்டுவாதம், வீட்டில் பியானோவே இல்லை. பாட வந்த இப்ராஹிம் ஃபெரேருக்கு வயது 69. ஓய்வூதியம் போதாமல் பிறர் காலணிகளுக்கு மெருகேற்றிப் பிழைத்துவந்தவர் அவர். கிட்டாரோடு வந்த கொம்பாய் செகுந்தோவுக்கு வயது 88. ஆறே நாள்களில் இவர்களும் இவர்தம் தோழர்களும் பதிவு செய்த பாடல்கள், அடுத்த ஆண்டு 'புவேனா விஸ்டா சோஷியல் கிளப்' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளிவந்தன. உலகெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்ற இசைத்தட்டு அது.

மருத்துவமனை இதழில் கியூபா நாட்டு இசைக்கென்ன வேலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். மூட்டு, வாதநோய்ப் பிரிவில் நாள்தோறும் முதியவர்களின் விரல்களைப் பற்றிப் பார்க்கும் எனக்கு, இந்த நிகழ்வில் வியப்பளிப்பது விற்பனைக் கணக்கு அன்று. மூட்டுவாதம் கண்ட விரல்கள் அந்த அறைக்கு எப்படி வந்து சேர்ந்தன என்பதே என் ஆர்வம். யார் சென்று அழைத்தார்? யார் கதவைத் திறந்துவிட்டார்? யார் கைப்பிடித்து நடத்திச் சென்றார்? முதியவர்களின் ஒன்றுகூடல் தானாக நிகழ்வதில்லை. அதற்குப் பின்னால் எப்போதும் ஒருவரின் கால்நடை இருக்கிறது. அப்படி நடந்தவர்களுக்கு நன்றி சொல்லவே இக்கட்டுரை.

முதலில் அந்தப் பெயரைப் பற்றிச் சில சொற்கள். ஹவானாவின் புறநகர்ப் பகுதியான மரியானாவோவில் முன்னொரு காலத்தில் இயங்கிய ஒரு சங்கத்தின் பெயர் அது. நிறபேதம் நிலவிய அக்காலத்தில் கறுப்பின மக்கள் தமக்கெனத் தனிச் சங்கங்கள் அமைத்துக்கொண்டு, அங்கே கூடி ஆடியும் பாடியும் மகிழ்ந்தனர். 1959ஆம் ஆண்டின் புரட்சிக்குப் பிறகு, 1960களின் தொடக்கத்தில் இத்தகைய சங்கங்கள் மூடப்பட்டன. நிறபேதத்தை ஒழிப்பதே அதன் நோக்கம் என்பதால் அதைக் குறை கூற இயலாது. எனினும் சங்கங்களோடு அவற்றின் ஆடற்கூடங்களும் போயின. கூடங்களோடு அங்கு வாசித்தவர்களின் மாலைப்பொழுதுகளும் போயின. பின்னர் புதிய இசை வந்தது, புதிய இளைஞர்கள் வந்தனர். 1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்தபோது கியூபாவில் உணவுக்கும் எரிபொருளுக்கும் மருந்துக்கும் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. மின்சாரமும் பேருந்தும் அரிதாகிப்போன அந்நகரில், நகரின் ஒரு மூலையில் இருந்த முதியவர் மறு மூலையில் இருந்த தம் பழைய தோழரைச் சென்று காண்பதே பெரும்பாடு.

இந்த நிலையில்தான் ஹுவான் தே மார்கோஸ் கொன்சாலஸ் என்பவர் வருகிறார். 1954இல் பிறந்த இவர், 'சியர்ரா மயெஸ்த்ரா' என்ற இசைக்குழுவைச் சேர்ந்தவர். இவருடைய தந்தை, கியூப இசையின் பேராசான்களுள் ஒருவரான அர்சேனியோ ரொத்ரீகெஸின் குழுவில் பாடியவர். ஆகவே அந்தத் தலைமுறைக் கலைஞர்கள் இவருக்கு இசைத்தட்டு உறைகளில் மட்டும் காணப்படும் பெயர்கள் அல்லர். வீட்டில் கேட்டு வளர்ந்த பெயர்கள். அவர்களை எல்லாம் மீண்டும் ஓர் அறையில் கூட்டி ஓர் இசைத்தட்டு உருவாக்க வேண்டும் என்பது இவரது நெடுநாள் விருப்பம். இலண்டனில் 'வேர்ல்ட் சர்க்யூட்' என்ற சிறிய இசை நிறுவனத்தை நடத்திவந்த நிக் கோல்ட் அதற்குப் பணமும் வாய்ப்பும் அளிக்க முன்வந்தார்.

நிக் கோல்டிடம் அதே சமயத்தில் இன்னொரு திட்டமும் இருந்தது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டிலிருந்து இரு இசைக்கலைஞர்களை ஹவானாவுக்கு வரவழைத்து, கியூபக் கலைஞர்களோடு வாசிக்கச் செய்வது; அமெரிக்கக் கிட்டார் கலைஞரான ரை கூடர் அதை முன்னின்று நடத்துவது. ஆனால் விசாச் சிக்கலால் மாலி நாட்டவர் வந்து சேரவில்லை. கூடத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று. ரை கூடரும் தம் மகனுடன் வந்திறங்கிவிட்டார். வராதவர்களை எண்ணி வருந்துவதற்குப் பதிலாக, உள்ளூரில் இருப்பவர்களைத் தேடுவோம் என்று முடிவாயிற்று. நோயாளியின் கட்டிலருகே நாம் வகுக்கும் திட்டங்களும் பல நேரங்களில் இப்படித்தான் மாறுகின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகன் வர இயலாத வாரத்தில், அடுத்த தெரு நண்பர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்த வாரம் எப்படியோ நல்ல வாரமாகிவிடுகிறது.

தேடும் பணி ஹுவான் தே மார்கோஸின் தோளில் விழுந்தது. யார் எந்தத் தெருவில் வசிக்கிறார், யாருக்கு இன்னும் குரல் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மென்மையான காதற்பாடல்களைப் பாட ஒரு குரல் தேவை என்று கூடத்தில் பேச்சு எழுந்தபோது, அவர் வெளியே சென்று இப்ராஹிம் ஃபெரேரை அழைத்துவந்தார்.

இப்ராஹிமின் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கியூபாவின் கிழக்குப் பகுதியில், சந்தியாகோ நகருக்கு அருகில், 1927இல் பிறந்தவர். 12 வயதில் தாயை இழந்து, தெருவில் சில்லறைப் பொருள் விற்றும் கிடைத்த வேலைகளைச் செய்தும் வளர்ந்தார். 13 வயதிலேயே பாடத் தொடங்கிவிட்டார். பின்னாளில் 'லோஸ் பொகூகோஸ்' என்ற குழுவில் பல ஆண்டுகள் பாடினார். ஆனால் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் துள்ளலான பாடல்களே. உள்ளம் உருகப் பாடும் 'பொலேரோ' என்ற மென்பாடல் வகைக்கு அவர் குரல் ஏற்றதன்று என்று சொல்லி ஒதுக்கினர். 1991இல் ஓய்வு பெற்றார். காலணி மெருகேற்றும் பெட்டியைக் கையில் எடுத்தார். அழைப்பு வந்தபோது பாட்டு என்றாலே அவருக்குச் சலிப்பு. இனிமேல் எதற்கு என்று தயங்கினார். ஆயினும் அன்றே கூடத்துக்கு வந்தார். அங்கே பியானோவில் அமர்ந்திருந்தவர் ரூபென். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் கேட்க விரும்பாத பொலேரோக்களை இப்ராஹிம் பாட, ரூபென் வாசித்தார். அந்த இசைத்தட்டில் 'தோஸ் கார்தேனியாஸ்' என்ற பாடலைக் கேட்பவர்கள், அந்தக் குரலை ஏன் ஒதுக்கினர் என்று வியப்பர். எனக்கு இன்றும் விளங்காத செய்தி அது.

இந்த இடத்தில் மருத்துவனாக ஒன்றைக் குறிப்பிடத் தோன்றுகிறது. 'இனி எனக்கு வேண்டாம்' என்று முதியவர் சொல்லும்போது அதை அப்படியே முடிவாக எடுத்துக்கொள்வது மரியாதை போலத் தோன்றும். சில வேளைகளில் அது மரியாதைதான். ஆனால் பல வேளைகளில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வலி இருக்கிறது, செலவு பற்றிய கூச்சம் இருக்கிறது, மங்கிய காது இருக்கிறது, பிறருக்குத் தொல்லையாகிவிடுவோமோ என்ற அச்சம் இருக்கிறது, கண்டறியப்படாத மனச்சோர்வும் இருக்கக்கூடும். இவற்றுள் எது என்று கேட்டறிவது குடும்பத்தினரின் கடமை. தேவைப்பட்டால் எங்களின் கடமை. வலிக்கு மருந்துண்டு, காதுக்குக் கருவியுண்டு, மனச்சோர்வுக்குச் சிகிச்சையுண்டு. வற்புறுத்தாமல், அதே சமயம் ஒருமுறை கேட்டதோடு நின்றுவிடாமல், வாசலில் போய் நிற்பது ஒரு தனிக் கலை.

ரூபெனின் விரல்கள்

ரூபென் கொன்சாலஸ் இளமையில் மருத்துவம் படிக்கத் தொடங்கியவர். பகலில் மருத்துவம், இரவில் பியானோ என்பது அவர் எண்ணம். படிப்பை இடையில் விட்டுவிட்டு 1940களின் தொடக்கத்தில் ஹவானாவுக்கு வந்து அர்சேனியோ ரொத்ரீகெஸின் குழுவில் சேர்ந்தார். பின்னர், 'சா சா சா' என்ற ஆடல் இசையைத் தோற்றுவித்த என்ரிக்கே ஹொர்ரீனின் குழுவில் கால் நூற்றாண்டுக் காலம் வாசித்தார். மருத்துவத் துறைக்கு நேர்ந்த இழப்பு இசைக்கு ஆதாயமாயிற்று என்றே நான் கருதுகிறேன். சக மருத்துவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஒலிப்பதிவு நடந்த நாள்களில் அவர் காலையில் கூடம் திறப்பதற்கு முன்பே வாசலில் வந்து காத்திருப்பார்; கதவு திறந்ததும் நேரே பியானோவை நோக்கி விரைவார் என்று உடனிருந்தவர்கள் பதிவு செய்துள்ளனர். கூடத்தில் மற்றவர்களின் பதிவு முடிந்தபின், எஞ்சிய இரண்டே நாள்களில் அவர் பெயரில் ஒரு தனி இசைத்தட்டும் பதிவாயிற்று. தம் வாழ்நாளில் அவர் தலைமை ஏற்று வெளியிட்ட முதல் இசைத்தட்டு இதுதான் எனப் போற்றப்படுகிறது.

அப்படியானால் மூட்டுவாதம் எங்கே போயிற்று என்று கேட்கலாம். எங்கும் போகவில்லை. இசை மூட்டுவாதத்தைக் குணப்படுத்தும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் இரண்டு உண்மைகளை ரூபெனின் விரல்கள் நன்கு விளக்குகின்றன.

ஒன்று, பல்லாண்டுப் பயிற்சியால் கைக்கு வந்த திறமை எளிதில் அழிவதில்லை. நேற்றைய உணவை மறந்துவிடும் நினைவாற்றலும், விரல்கள் தாமாக இயங்கும் நினைவாற்றலும் மூளையில் வேறு வேறு வழிகளில் காக்கப்படுகின்றன. அதனால்தான் மறதிநோய் முற்றிய சிலர், உறவினர் பெயரை மறந்த பின்னும் பழகிய பாட்டைப் பிழையின்றிப் பாடுகின்றனர்.

மற்றொன்று, மூட்டுநோயில் இயலாமையின் ஒரு பகுதியை நோய் உண்டாக்குகிறது. இன்னொரு பகுதியைச் செயலின்மை உண்டாக்குகிறது. வலிக்கிறது என்று கையை அசைக்காமல் வைக்கிறோம். அசைக்காததால் தசை மெலிகிறது, மூட்டின் அசைவு எல்லை குறுகுகிறது. அதனால் அடுத்தமுறை அசைக்கும்போது முன்னிலும் அதிகமாக வலிக்கிறது. பியானோ இல்லாத வீட்டில் ரூபெனின் விரல்களுக்கு வேலை இல்லை. வேலை கிடைத்தபோது, நோயின் பங்கு நீங்காவிட்டாலும் செயலின்மையின் பங்கு குறையத் தொடங்கியிருக்கும். எங்கள் சிகிச்சைப் பிரிவில் இயன்முறைச் சிகிச்சையாளர்கள் வெந்நீர்ப் பாத்திரத்தையும் மென்பந்தையும் கொண்டு செய்வதும் இதே பணிதான். அவர்கள் பந்தை வைத்துச் செய்வதை ரூபென் பியானோவை வைத்துச் செய்தார், அவ்வளவே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. முடக்குவாதத்தில் மூட்டு சூடாகச் சிவந்து வீங்கியிருக்கும் நாள்களில் வாத்தியத்தைத் தொடச் சொல்லக் கூடாது. அப்போது தேவை ஓய்வும் மருந்துமே. வீக்கம் அடங்கிய பின், காலை நேர விறைப்பு விலகியதும், வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் வாசிக்கலாம். மறுநாள் வலி கூடவில்லை என்றால் சிறிது சிறிதாக நேரத்தை நீட்டிக்கலாம். வாசித்த பின் இரண்டு மணி நேரத்துக்கு மேலும் வலி நீடித்தால், அன்று வாசித்தது அளவுக்கு மிஞ்சியது என்று கொள்க. வீணையோ வயலினோ மிருதங்கமோ, கையாளும் கருவிக்கேற்ப இருக்கையின் உயரத்தையும் மணிக்கட்டின் நிலையையும் மாற்றியமைக்க இயன்முறைச் சிகிச்சையாளர் உதவுவார். தாம் வாசித்தவர் என்பதை நோயாளிகள் பெரும்பாலும் எங்களிடம் சொல்வதே இல்லை. 'சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா' என்று நாங்கள் கேட்கிறோம். அதற்கு மட்டும் விடை சொல்லிவிட்டுப் போய்விடுகின்றனர். அடுத்தமுறை வரும்போது கேளாமலே சொல்லுங்கள்.

யாருக்கு நன்றி

இந்த இசைத்தட்டின் புகழ் பரவியபோது, 'மறக்கப்பட்டவர்களை அமெரிக்கர் ஒருவர் கண்டெடுத்தார்' என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. இது பாதியளவே உண்மை. கொம்பாய் செகுந்தோ, சுருட்டுத் தொழிற்சாலையில் பல்லாண்டுகள் சுருட்டு சுற்றிய பின், 1990களின் நடுவிலேயே ஸ்பெயினில் பாடிப் பெயர் பெற்றிருந்தார். எலியாதெஸ் ஓச்சோவா தம் குழுவோடு இடையறாது இயங்கிக்கொண்டிருந்தார். ஒமாரா போர்த்துவோந்தோவோ அதே கட்டடத்தில் தம்முடைய வேறொரு பதிவுக்காக வந்திருந்தார்; அழைத்ததும் வந்து கொம்பாயுடன் இணைந்து ஒரு பாடலைப் பாடிச் சென்றார். இவர்களை யாரும் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கவில்லை. இவர்களுக்கு இல்லாதிருந்தது ஓர் அறையும், ஒரே வேளையில் அனைவரையும் அங்கே கொண்டுவந்து சேர்க்கும் ஆளுமே.

ஆகவே என் நன்றிப் பட்டியலில் முதலிடம் ஹுவான் தே மார்கோஸுக்கு. இசைத்தட்டு உறையில் அவர் பெயர் உண்டு. ஆனால் உலகின் நினைவில் ரை கூடரின் பெயருக்குப் பின்னால்தான் அது நிற்கிறது. முகவரி தெரிந்தவர், வீடு தேடி நடந்தவர், தயங்கியவரிடம் பேசி அழைத்துவந்தவர், ஸ்பானிய மொழியில் ஒருவரும் ஆங்கிலத்தில் ஒருவரும் பேசிய அறையில் இருவருக்கும் பொருள் விளங்கச் செய்தவர் அவரே. 1998இல் நடந்த மேடை நிகழ்ச்சிகளிலும் குழுவை நடத்திச் சென்றவர் அவர்.

இப்படிச் சொல்வதால் ரை கூடரின் பங்கைக் குறைப்பதாகாது. கியூபாவோடு அமெரிக்கர்கள் வாணிகம் செய்வதைத் தடுக்கும் சட்டத்தை மீறியதற்காக அமெரிக்க அரசு அவருக்கு 25,000 டாலர் அபராதம் விதித்தது. தம் பெயருக்கிருந்த மதிப்பை அந்த முதியவர்களின் பக்கம் திருப்பியவர் அவர். நிக் கோல்டும் நன்றிக்குரியவர். திட்டம் குலைந்தபோது கூடத்தைக் காலிசெய்துவிட்டு ஊர் திரும்பாமல், கையிலிருந்த நாள்களைப் பயன்படுத்திக்கொள்ளத் துணிந்தவர். கருவிகளை ஒலிவாங்கிகளுக்கு ஏற்றபடி அமர்த்திய பொறியாளர், காலையில் கதவைத் திறந்துவிட்ட ஊழியர், வீட்டில் சட்டையைத் தேய்த்துக் கொடுத்து அனுப்பிய மனைவியர், மக்கள் என்று பட்டியல் நீளும். இவர்களுள் பலருடைய பெயர் எந்த உறையிலும் அச்சாகவில்லை.

1998 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் நகரின் கர்ரே அரங்கில் இரண்டு இரவுகளும், ஜூலை முதல் நாள் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஓர் இரவும் இவர்கள் ஒருங்கே மேடையேறினர். ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் எடுத்த ஆவணப்படம் 1999இல் வெளிவந்தது. அதில் பெரிய மேடைக் காட்சிகளைவிடச் சிறிய காட்சிகளே என் நினைவில் நிற்கின்றன. நியூயார்க்கில் ஒரு கடையின் கண்ணாடிக்கு அப்பால் அமெரிக்க அதிபர்களின் பொம்மைகள் நிற்கின்றன. பியோ லெய்வாவும் புந்தியீத்தா என்று அழைக்கப்படும் மனுவேல் லிசெயாவும் வெளியே நின்று, இவர் யார், அவர் யார் என்று பள்ளிச் சிறுவர்களைப் போல ஊகித்துக்கொண்டிருக்கின்றனர். இருவரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். நோயையும் வறுமையையும் பற்றிப் பேசாத ஒரு மணி நேரம் முதியவர்களுக்கு எவ்வளவு தேவை என்பதை அந்தக் காட்சி காட்டுகிறது.

அதே படத்தில் இப்ராஹிம் தம் வீட்டில் வைத்து வணங்கும் புனித லாசருவைக் காட்டுவார். ஊன்றுகோல்களோடும் புண்களை நக்கும் நாய்களோடும் சித்திரிக்கப்படும் இந்தப் புனிதர் கியூப மக்களிடையே நோயுற்றோரின் காவலராகப் போற்றப்படுகிறார். ஹவானாவுக்கு அருகில் எல் ரின்கோன் என்ற ஊரில், தொழுநோயாளர் மருத்துவமனையை ஒட்டி அமைந்த அவர் கோயிலுக்கு, ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 17ஆம் நாள் மக்கள் திரள்கின்றனர். முழந்தாளிட்டு நகர்ந்து வருவோரும் உளர். மூட்டு மருத்துவன் என்ற முறையில் அதை என்னால் பரிந்துரைக்க இயலாது. ஆனால் அந்த நம்பிக்கையின் வலிமையை மறுக்கவும் இயலாது.

இந்தக் கதையை முற்றிலும் இனிமையானதாகச் சொல்வது நேர்மையாகாது. ஒன்றுகூடல் நிகழ்ந்தபோதே அவர்களுக்குக் காலம் குறைவாக இருந்தது. புந்தியீத்தா 2000இல் மறைந்தார். கொம்பாய் செகுந்தோ 2003 ஜூலையில், 95ஆம் வயதில் மறைந்தார், சிறுநீரகம் செயலிழந்திருந்தது. ரூபென் அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார். பின்னாள்களில் அவர் கைத்தாங்கலாகவே பியானோ வரை அழைத்துவரப்பட்டார். இருக்கையில் அமர்ந்த பின் யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. இப்ராஹிமுக்கு 2000ஆம் ஆண்டில், 73ஆம் வயதில், லத்தீன் கிராமி அமைப்பு 'சிறந்த புதுமுகக் கலைஞர்' என்ற விருதை அளித்தது. 2004இல் மீண்டும் ஒரு கிராமி விருது அறிவிக்கப்பட்டபோது, விழாவுக்குச் செல்ல அமெரிக்க அரசு அவருக்கு விசா மறுத்துவிட்டது. 2005 ஆகஸ்டு 6ஆம் நாள், ஐரோப்பியப் பயணத்தை முடித்து ஊர் திரும்பிய சில நாள்களில், ஹவானாவில் காலமானார். 1996க்குப் பின் அவருக்குக் கிடைத்தது ஒன்பது ஆண்டுகள். ரூபெனுக்கு ஏழரை. ஓர் ஆண்டு தாமதித்திருந்தால் அதில் ஓர் ஆண்டு குறைந்திருக்கும். அடுத்த தீபாவளிக்கு அழைக்கலாம், கோடை விடுமுறையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் குடும்பங்களைக் காணும்போதெல்லாம் இந்தக் கணக்கு என் நினைவுக்கு வருகிறது.

நண்பர்களைக் காண்பதால் ஆயுள் கூடுமா? 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 148 ஆய்வுகளில் இடம்பெற்ற மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒருசேர ஆராய்ந்தது. உறவும் நட்பும் வலுவாக அமைந்தோர், அவ்வாறு அமையாதோரைவிட அந்தந்த ஆய்வுக் காலத்தில் உயிருடன் இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று அது கண்டது. உடல்நலம் நன்றாக இருப்பவர்களுக்கு நட்பைப் பேணுவதும் எளிது என்பதால், நட்பொன்றே காரணம் என்று இதைக்கொண்டு சாதித்துவிட முடியாது. எனினும் மருந்துச் சீட்டில் எழுதத் தயங்கினாலும் வாய்மொழியாகச் சொல்லத் தயங்காத அளவுக்கு இது போதுமான சான்று.

நம் வார்டில்

ஹுவான் தே மார்கோஸ்கள் நம் மருத்துவமனையிலும் உண்டு. பஜனைக் குழுவில் உடன் பாடியவரையும், கோயில் திருவிழாவில் உடன் வாசித்தவரையும், நாடகக் குழுவில் ஆர்மோனியம் இசைத்தவரையும் எங்கிருந்தோ தேடிப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி, மின்தூக்கி வரை கைப்பிடித்து அழைத்துவரும் மகள்களையும் மருமகன்களையும் பேரப்பிள்ளைகளையும் நான் பார்க்கிறேன். வந்தவர் கட்டிலருகே அமர்ந்து பழைய பெயர்களைச் சொல்லிச் சிரிக்கும்போது, அழைத்துவந்தவர் வெளியே தாழ்வாரத்தில் நின்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் விடுப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தத் தாழ்வாரத்தில் நிற்பவருக்கு இந்த இதழின் வாயிலாக என் வணக்கம். சுற்றுநேரத்தில் உங்களைக் கடந்து செல்லும் எங்களுக்கு நின்று சொல்ல வாய்ப்பதில்லை.

அழைத்துவர எண்ணுவோர்க்குச் சில செய்திகள். பெரும்பாலான மூட்டுநோயாளிகளுக்கு முற்பகல் பதினொரு மணிக்கு மேல் உடல் இலகுவாகும். வலிமருந்து எடுப்பவர்களுக்கு அது வேலை செய்யும் நேரத்தை ஒட்டிச் சந்திப்பை அமையுங்கள். ஒரே நேரத்தில் இருவர் அல்லது மூவர் போதும். காது மங்கியவர்களுக்குப் பத்துப் பேர் பேசும் அறை வெறும் இரைச்சல். கருவி இருந்தால் பொருத்திவிட்டு, மின்விசிறியின் வேகத்தைக் குறைத்து, முகம் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். மூச்சிரைப்பு உள்ளவரைப் பாடச் சொல்வதில் தவறில்லை. அமர்ந்தபடி, இடைவெளி விட்டு, ஒரு சரணம் பாடினால் போதும். மார்பு இறுகினாலோ பேச்சுத் திணறினாலோ உடனே நிறுத்திச் செவிலியரை அழைக்க வேண்டும். கீமோதெரபி பெறுவோரையும் நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரையும் காண, சளியோ காய்ச்சலோ உள்ள நண்பர் அன்று வர வேண்டா, தொலைபேசியில் பாடட்டும். நண்பர் அன்போடு வாங்கிவரும் அல்வாப் பொட்டலத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீரிழிவு உள்ளவர் வீட்டில் அதை முழுவதும் தடுத்து நண்பரின் முகத்தை வாடச் செய்யத் தேவையில்லை. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, மீதியைத் தாழ்வாரத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிடலாம்.

ஒரு மணி நேரத்துக்குள் நோயாளியின் முகத்தில் களைப்புத் தெரியும். அதற்குச் சற்று முன்பே விடைபெறச் செய்வது நல்லது. மறுநாள் சோர்ந்து படுத்திருந்தால் அஞ்ச வேண்டா. காய்ச்சலோ புதிய வலியோ இல்லாதவரை அது இயல்பான அசதியே.

வாத்தியம் கொண்டுவர விரும்புவோர் முதல் நாள் மாலையே வார்டுத் தலைமைச் செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கட்டில்களில் இருப்போரையும் ஒரு சொல் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் மறுப்பதில்லை, தமக்குப் பிடித்த பாட்டு எது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.